‘டேக் ஆஃப்’ வந்தால் என்ன பொருள்? வாக்கியத்தைப் பார்த்தே பிடிக்கும் வழி

விமானம் கிளம்பினாலும் டேக் ஆஃப், ஷூவைக் கழற்றினாலும் டேக் ஆஃப், வேலைக்கு லீவு போட்டாலும் டேக் ஆஃப். எல்லா அர்த்தத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்தால், பேசுகிற நேரத்தில் ஒன்றும் கைகொடுக்காது. அதைவிட, வாக்கியத்தைப் பார்த்தே பொருளைப் பிடிக்கப் பழகுவது நல்லது.

படி 1: ‘எதை?’ என்று கேளுங்கள்

‘ஷி டுக் ஆஃப் ஹெர் கிளாசஸ்.’ எதை? கண்ணாடியை. பதில் கிடைக்கிறது, அதாவது செயப்படுபொருள் இருக்கிறது. ‘தி பிளேன் டுக் ஆஃப்.’ எதை? பதில் இல்லை. பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது.

படி 2: பதில் இல்லையென்றால் எழுவாயைப் பாருங்கள்

விமானமோ பறவையோ என்றால் தரையைவிட்டு மேலே எழும்பியது. ஆள் என்றால் சட்டென்று கிளம்பிவிட்டார்: ‘ஹி டுக் ஆஃப் வித்தவுட் சேயிங் குட்பை’, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். தொழிலோ புது யோசனையோ என்றால் சூடுபிடித்துவிட்டது: ‘ஹெர் பிசினஸ் டுக் ஆஃப்.’ இந்த மூன்றிலும் செயப்பாட்டு வினை வராது. விமானம் கிளம்பியது என்பதற்கு ‘தி பிளேன் வாஸ் டேக்கன் ஆஃப்’ என்று எழுதிவிடாதீர்கள்.

படி 3: பதில் இருந்தால் அது என்ன வகை?

உடை, ஷூ, மூடி என்றால் கழற்றுவது. நாள், வாரம் என்றால் விடுப்பு: ‘ஐ டுக் மண்டே ஆஃப்.’ தொகை என்றால் கழிப்பது: ‘தே டுக் 10 பர்சன்ட் ஆஃப் தி பிரைஸ்.’ பிரிட்டிஷ் ஆங்கிலத்தில், ஓர் ஆளை மிமிக்ரி செய்வதற்கும் இதையே சொல்வார்கள்.

படி 4: ‘ஆஃப்’ எங்கே உட்காரும்?

பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ‘டேக் ஆஃப் யுவர் ஷூஸ்’ சரி, ‘டேக் யுவர் ஷூஸ் ஆஃப்’ என்பதும் சரி. ஆனால் இட், தெம் மாதிரி ப்ரோநவுன் வந்தால் அது நடுவில்தான் வர வேண்டும்: ‘டேக் தெம் ஆஃப்.’ ‘டேக் ஆஃப் தெம்’ தப்பு. தமிழில் ‘கழற்று’ என்பது ஒரே சொல். அதனால் டேக் ஆஃப் என்பதையும் பிரிக்க முடியாத ஒரே சொல்லாக நினைத்துவிடுகிறோம். ‘டேக் இட் ஆஃப்’, ‘டேக் தெம் ஆஃப்’ இரண்டையும் வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பாருங்கள். விதியை யோசிக்காமலே நாக்கு சரியாகச் சொல்லும்.

செயப்படுபொருள் நீளமாக இருந்தால் மட்டும் ஆஃப் முன்னாலேயே வரட்டும்: ‘டேக் ஆஃப் தி ஷூஸ் யூ பாட் யெஸ்டர்டே.’ இல்லாவிட்டால் கேட்பவர் ஆஃப் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் காலம்: டேக், டுக், டேக்கன் என்று மாறும், ஆஃப் மாறாது.

படி 5: இதைச் செய்து பாருங்கள்

‘மை பிரதர் டுக் ஆஃப் ஹிஸ் ஜாக்கெட் அண்ட் டுக் ஆஃப்.’ இரண்டு இடத்திலும் ‘எதை?’ என்று கேளுங்கள். முதலில் ஜாக்கெட்டை என்று பதில் வருகிறது, எனவே கழற்றினான். இரண்டாவதற்குப் பதில் இல்லை, எழுவாய் ஓர் ஆள், எனவே கிளம்பிவிட்டான்.