பிரேக் போட்டால் கீச் சத்தம்

காலையில் வண்டியை எடுத்ததும் வரும் லேசான கீச் சத்தம், சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டான டிஸ்க்கில் ஈரத்தால் படிந்த துருவால் இருக்கலாம். கொஞ்ச தூரத்தில் போய்விடும். என் காரில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் கேட்டது.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். பிரேக் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறங்கியிருந்தது, கசிவு எங்கும் இல்லை. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் தேயத் தேய, அந்தப் பேடை அழுத்தும் காலிப்பருக்குள் ஆயில் இறங்கும்; ஊற்றி நிரப்பினால் மட்டும் தீராது.

மெக்கானிக் முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். புதிதில் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும் பேட், 2 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தது. எச்சரிக்கைக்கென்றே அதில் வைத்திருக்கும் சிறு தகடு டிஸ்க்கில் உரசியதுதான் சத்தம். டிஸ்க்கில் கோடு விழவில்லை, நல்லவேளை!

முன்சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே பேட் மாற்றினோம். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். அதையும் மாற்றச் சொன்னேன். அப்புறம் காலியான ரோட்டில் மிதமாகப் பலமுறை பிரேக் போட்டுப் புது பேடைப் பழக்கினேன். சத்தம் நின்றுவிட்டது.