கார் சீட்டைக் கையில் தூக்கிப் பார்த்து வாங்காதீர்கள்

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து பேட்டரியில் ஓடும் சிறிய கார் ஒன்றைக் கட்டினோம். அதை ஓட்டப்போவது பெரியம்மா. இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று ஆனவர். சொந்தமாகக் கார் கட்டுகிறவர்கள் மோட்டாருக்கும் பேட்டரிக்கும் மாதக்கணக்கில் தலையை உடைத்துக்கொள்வார்கள். சீட்டை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் வாங்கி வருவார்கள். நாங்களும் அப்படித்தான்.

சிவாஜி நகர் குஜரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், பந்தயக் கார்களில் இருக்கும் ஃபைபர் பக்கெட் சீட் ஒன்று கிடைத்தது. ஒரு கையால் தூக்கலாம், 4.6 கிலோ. பக்கத்திலேயே ஒரு பழைய ஹாட்ச்பேக் காரின் முன் சீட், ரெயிலோடு 13.4 கிலோ. எதை வாங்கினோம் என்று சொல்லவா வேண்டும்?

பக்கெட் சீட் வெறும் ஓடுதான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே உறைத்தது. அதைத் தரையில் நிறுத்தப் பக்கவாட்டு பிராக்கெட் வேண்டும், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் ஸ்லைடர் வேண்டும், அடியில் தகடு வேண்டும். எல்லாம் பூட்டியபின் பழைய பேப்பர்காரரின் தொங்கு தராசை வாங்கி மாட்டிப் பார்த்தால் 11.3 கிலோ. பழைய சீட்டை அதே மாதிரி பூட்டியிருந்தால் 14 கிலோ சொச்சம் வந்திருக்கும். ஆக மிச்சம் மூன்று லிட்டர் தண்ணீரின் எடை. தராசில் ஏற வேண்டியது காரில் உட்காரப்போகும் மொத்த உருப்படியும்தான், போல்ட் உட்பட.

அந்த மூன்று கிலோவுக்கு நாங்கள் கொடுத்த விலை பெரியம்மா உட்கார்ந்தபோது தெரிந்தது. "டேய், கிணத்துல இறங்குற மாதிரி இருக்குடா" என்றார். பக்கெட் சீட்டின் இரண்டு பக்கச் சுவர்களும் பந்தயத்தில் வளைவில் உடம்பு சரியாமல் இருப்பதற்காக எழுப்பியவை. முழங்கால் மடங்காதவருக்கு அது தாண்ட முடியாத வரப்பு. உட்காரும் இடமோ தெருவிலிருந்து 27 சென்டிமீட்டர் உயரம்தான். உட்கார்ந்ததும் முழங்கால் இடுப்புக்கு மேலே போய்விட்டது. அந்த நிலையிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பாருங்கள், உங்களுக்கே கஷ்டம்.

காரை அளக்கும் முன் ஆளை அளக்க வேண்டியிருந்தது. வீட்டுத் திவானில் போர்வைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, எந்த உயரத்தில் அவர் முனகாமல் எழுகிறார் என்று பார்த்தோம். 48 சென்டிமீட்டர். சாதாரண வீல்சேர்களின் இருக்கை உயரமும் ஏறக்குறைய 45 முதல் 50 வரைதான். அதிலிருந்து நகர்ந்து உட்காருகிறவருக்கு கார் சீட்டும் அதே மட்டத்தில் இருந்தால்தான் சுலபம். இந்த அளவை ஆள் உட்கார்ந்து ஸ்பாஞ்ச் அமுங்கிய பிறகு, வண்டி நிற்கும் தெருவிலிருந்து எடுக்க வேண்டும். கார் தரையிலிருந்து எடுத்தால் கணக்கு தப்பும். கதவடிப் பட்டையின் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். அது அகலமாக இருந்தால் சீட் சரியான உயரத்தில் இருந்தும் எட்டாது.

சீட்டை உயர்த்தினால் தலை கூரையில் இடிக்கும். சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, வெல்டு பண்ணி முடித்துவிட்டு சீட் தேடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். தரையில் சாக்பீஸால் கோடு போடும் அன்றே ஒரு ஸ்டூலை நடுவில் வைத்து, அவரை உட்காரவைத்து, கதவு, கூரை, ஸ்டியரிங் எல்லாவற்றையும் அவரைச் சுற்றி வரைந்திருக்க வேண்டும். நாங்கள் கூரைச் சட்டத்தை அறுத்து மறுபடி ஒட்டினோம். இரண்டு வாரம் போயிற்று.

எடையைக் குறைக்க ஸ்லைடரைக் கழற்றிப்போடும் ஆசை வரும். செய்யாதீர்கள். சீட் நன்றாகப் பின்னால் போனால்தான் காலை உள்ளே திருப்ப இடம் கிடைக்கும். ஆனால் கடையில் விற்கும் மலிவு ஸ்லைடர்களில் ஒரு பக்க ரெயிலில் மட்டும் பூட்டு இருக்கும். பிரேக் போட்டால் சீட் கோணும். இரண்டு பக்கமும் பூட்டுகிறதைக் கேட்டு வாங்குங்கள். சீட்டைச் சுழலவிட டிவி மேசைக்கு வைக்கும் பந்து வளையத் தட்டைப் போடலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். அது மேலிருந்து அழுத்தும் பாரத்துக்குச் செய்தது. மோதலில் சீட் மேல்நோக்கி இழுபட்டால் இரண்டு தட்டும் பிரிந்து வந்துவிடும்.

எந்தத் தவறை மன்னித்தாலும் பூட்டும் இடத்தில் செய்வதை மன்னிக்க முடியாது. சீட்டின் பலத்துக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 17, சீட்டும் அதன் பிடிப்பும் புவியீர்ப்பைப் போல 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. 12 கிலோ சீட் அப்போது 240 கிலோவாக இழுக்கும். பெல்ட்டையும் சீட்டிலேயே கட்டிவிட்டால் 70 கிலோ ஆளின் பாரமும் அதே நாலு போல்ட்டில் வந்து விழும்: 1,640 கிலோ. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் ஓட்டை போட்டு சின்ன வாஷர் வைத்தால் போல்ட் உடையாது, தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பெல்ட்டை சேசிஸ் சட்டத்தில் தனியாகக் கட்டுங்கள். சீட்டுக்கு 8.8 என்று தலையில் பொறித்த உயர்பல போல்ட், அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 3 மில்லிமீட்டர் தகடு. சதுரக் குழாயின் குறுக்கே போல்ட் போகிறதென்றால் உள்ளே ஒரு குழாய்த் துண்டை வெல்டு செய்யுங்கள், இல்லாவிட்டால் முறுக்க முறுக்கக் குழாய் நசுங்கும். எடை குறையட்டும் என்று அலுமினியத்தில் சட்டம் செய்து வெல்டு வைப்பதும் சிக்கல்தான். பதப்படுத்திய அலுமினியம் வெல்டு ஓரத்தில் பலத்தில் பெரும்பங்கை இழந்துவிடும்.

குஜரியில் இன்னும் இரண்டு கண்ணி உண்டு. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் முத்திரை போட்ட பந்தய சீட் சல்லிசாகக் கிடைத்தால் லேபிளைப் பாருங்கள். 8855-1999 என்ற தர எண் போட்ட சீட்டுக்கு தயாரித்த நாளிலிருந்து ஐந்து வருஷம்தான் ஆயுள். பெரிய கார்களின் சீட்டில் அடியில் மஞ்சள் கனெக்டர் தொங்கினால் பக்கவாட்டு ஏர்பேக்கோ மோதலில் பெல்ட்டை இழுத்து இறுக்கும் சிறு வெடியோ உள்ளே இருக்கலாம். மல்டிமீட்டரால் குத்திப் பார்க்காதீர்கள், வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

ஸ்பாஞ்சைச் சீவி எடை குறைப்பவர்களும் உண்டு. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு இது ஆபத்து. சட்டம் குத்துவது அவருக்குத் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும். மேலுறையில் எனக்கு இன்னும் இரண்டு மனம். ரெக்ஸின் வழுக்கும், நகர்ந்து உட்கார வசதி. ஆனால் மே மாத வெயிலில் சேலையோடு ஒட்டிக்கொள்ளும். ஜே.சி. ரோட்டில் உட்காரும் இடத்துக்கு மட்டும் ரெக்ஸின், முதுகுக்குத் துணி என்று தைத்து வாங்கினோம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டிக்குத் தனி இடம் தருகிறது. அது பதிவான காரில் செய்யும் மாற்றத்துக்கும் பொருந்தும். கொட்டகையில் பிறந்த வண்டிக்கு அந்த வழி எளிதல்ல. மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி மாதிரி வண்டியைச் சோதனை நிறுவனத்தில் காட்டித் தேற வேண்டும். எங்கள் கார் ஓசூர் பக்கம் சித்தப்பாவின் தோப்புக்குள் மட்டும் ஓடுகிறது. பெரியம்மா உட்காருவது அந்தப் பழைய ஹாட்ச்பேக் சீட்டில்தான். அடுத்த ஞாயிறே குஜரிக்குத் திரும்பிப் போனோம், நல்லவேளை, அது விற்றுப்போகவில்லை.