மனிதர் ஸ்ட்ரிப்பில் நாயின் சிறுநீர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வரும் இளம் கால்நடை மருத்துவர்கள் மனிதர் சிறுநீரைச் சோதிக்கச் செய்த, நிறம் மாறும் கட்டங்கள் ஒட்டிய ஸ்ட்ரிப்பை நாயின் சிறுநீரில் தோய்த்து, டப்பாவில் அச்சிட்ட நிறங்களோடு ஒப்பிட்டு, பத்துக் கட்டங்களையும் வரிசையாக எழுதிவைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எழுதினேன். காலாவதித் தேதி பார்ப்பதும் டப்பாவை உடனே மூடுவதும் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெள்ளணுக் கட்டத்தை நம்புவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் லாப்ரடார் வந்தது. வாசலிலிருந்து மேசைக்கு வருவதற்குள் மூன்று முறை குந்தியது. ஒவ்வொரு முறையும் சில சொட்டுகள்தான். இரண்டு நிமிடம் காத்திருந்தும் வெள்ளணுக் கட்டத்தில் ஊதா நிறம் ஏறவில்லை. ‘தொற்று இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பத்தாம் நாள் காய்ச்சலோடு, தீனியைத் தொடாமல் திரும்பி வந்தது. தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருந்தது. அன்றுதான் சிறுநீரைச் சுழலவிட்டு, அடியில் தங்கிய படிவை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பார்த்த இடமெல்லாம் வெள்ளணுக்கள், நடுவே நெளியும் பாக்டீரியா. அதே சிறுநீரில் தோய்த்த புது ஸ்ட்ரிப் வெளிறியே கிடந்தது.

நாயின் சிறுநீரில் வெள்ளணுக்கள் நிறைய இருந்தாலும் இந்தக் கட்டம் பலமுறை நிறம் மாறாது. பூனைக்கோ, இல்லாதபோதும் மாறிவிடும். படிவைப் பாருங்கள், 40 மடங்கு லென்சில் ஒரு பார்வைப் புலத்துக்கு 5 வெள்ளணுக்களுக்கு மேல் தெரிந்தால் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புங்கள். கால் மணி நேர வேலையைச் சோம்பலால் தவிர்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நைட்ரைட், யூரோபிலினோஜென்

இந்த இரண்டு கட்டங்களையும் நாய்க்குப் பார்க்கவே வேண்டாம்.

அடர்த்தி

தண்ணீரை 1.000 என்று வைத்துச் சிறுநீரின் அடர்த்தியைச் சொல்லும் கட்டம் 1.030-உடன் நின்றுவிடும். நல்ல சிறுநீரகமுள்ள நாய் 1.040-ஐ எளிதாகத் தாண்டும். ஒளி விலகலைக் கொண்டு அடர்த்தியை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், ஒரு சொட்டு போதும்.

புரதத்தைத் தனியாகப் படிப்பது

1.045 அடர்த்தியில் புரதக் கட்டம் ஒரு கூட்டல் (+) காட்டுவது பெரும்பாலும் கவலைக்குரியதன்று. அதே கூட்டல் 1.010-இல் வந்தால், தொற்றும் ரத்தக் கசிவும் இல்லையென்று உறுதிசெய்துகொண்டு சிறுநீரில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுப் புரதத்தை அளக்கும் புரத-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள்.

பிலிருபின்

ஆண் நாயின் அடர்ந்த சிறுநீரில் இந்தப் பித்த நிறமி சிறிது இருப்பது இயல்பு. பூனைக்கு இயல்பன்று.

தரையிலிருந்து உறிஞ்சுவது

குளுக்கோஸ், ரத்தக் கட்டங்களை நாய்க்கும் நம்பலாம். ஆனால் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையில் தேங்கியதை சிரிஞ்சில் உறிஞ்சி வந்தால், இல்லாத சர்க்கரையும் ரத்தமும் தெரியும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த சிறுநீரையும் அறை வெப்பத்துக்கு வரவிட்டே தோய்க்க வேண்டும். குளுக்கோஸ் கட்டத்தில் நடப்பது நொதி வினை. குளிரில் அது மந்தமாகும், இருக்கும் சர்க்கரை குறைவாகத் தெரியும்.