சின்ன டிரெய்லருக்கு ஹிட்சும் மின் ஜாக்கியும்: காசு தின்னும் தவறுகள்

போன மாதம் நெலமங்கலாவில் ஒரு பெட்ரோல் பங்க். சக்லேஷ்பூருக்குப் புது டிரெய்லரோடு கிளம்பியிருந்த ஒரு ஓசூர் தம்பி டீசல் போட நின்றிருந்தார். காரையும் டிரெய்லரையும் இணைக்கும் ஹிட்சில் மாட்டியிருந்த ஸ்பிரிங் பார்கள் (வளைந்து கொடுக்கும் இரும்புத் தண்டுகள்) லாரிக்குப் போடுகிற கனத்தில் இருந்தன. "பெருசா வாங்கிட்டா பயமில்லைதானே அண்ணா?" என்றார். நானும் முதல் ஹிட்ச் வாங்கும்போது கடையில் இதையேதான் சொன்னேன்.

பெரிய பார் நல்லது என்று நினைப்பது

டிரெய்லரின் மூக்கு, அதாவது முன் முனை, ஹிட்சின் பந்தின் மேல் உட்கார்ந்ததும் காரின் பின்பக்கம் தாழும், முன் சக்கரங்களில் பாரம் குறையும். ஸ்டீயரிங் லேசாகும், பிரேக் பிடிப்பும் குறையும். ஸ்பிரிங் பார் நெம்புகோல் மாதிரி வளைந்து, அந்தப் பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லர் அச்சுக்கும் தள்ளுகிறது. பார் வளைந்தால்தான் வேலை நடக்கும்.

என் டிரெய்லர் சாமான் ஏற்றியபின் 900 கிலோ. பந்தின் மேல் இறங்கும் மூக்கு எடை மொத்தத்தில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது 90 முதல் 135 கிலோ. நான் வாங்கியதோ 1,000 பவுண்டு பார், 454 கிலோ! பாரில் போட்டிருக்கும் எண் மூக்கு எடைக்கானது, மொத்த எடைக்கானது அல்ல, அதுவும் பவுண்டில். இந்த இரண்டையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பங்க் வாசலில் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது காரும் டிரெய்லரும் 'V' மாதிரி மடங்கும். அப்போது பார்தான் வளைந்து கொடுக்க வேண்டும். என்னுடையது வளையவில்லை; விசை முழுதும் டிரெய்லர் சட்டத்தில் இறங்கியது. ஒரு மழைக்காலம் முடிந்து கழுவும்போது, பாரின் சங்கிலியை மாட்டும் பிராக்கெட்டின் வெல்டிங் ஓரம் தலைமுடி மாதிரி ஒரு துருக்கோடு. நகத்தால் சுரண்டினேன், பெயின்ட் உரிந்து விரிசல் தெரிந்தது. பெங்களூர் பீன்யாவில் சட்டத்தைத் திரும்ப வெல்டு செய்து, வேறு பாரும் வாங்கினேன். அதற்கு முன்பே ஒரு நாள் மழையில் பிரேக் போட்டபோது காரின் பின்பக்கம் வழுக்கியிருந்தது. பாரத்தை அளவுக்கு மீறி முன்னால் தள்ளினால் பின் சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. குடும்பம் உள்ளே இருந்தது. இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

வாங்கும் முன் எடை பாருங்கள். தண்ணீர், கேஸ், பேட்டரி, சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு. வீட்டு எடை மெஷின் தாங்காதென்றால் மூன்றடி இடைவெளியில் ஒரு முனையில் செங்கல், மறுமுனையில் மெஷின், மேலே பலகை. செங்கல்லிலிருந்து ஓரடியில் மூக்கை இறக்குங்கள். பலகையின் எடையைக் கழித்து, வருவதை மூன்றால் பெருக்குங்கள். எனக்கு 37 காட்டியது, 111 கிலோ. காரின் பின் அச்சுக்குப் பின்னால் டிக்கியில் ஏற்றுவதையும் இதோடு கூட்டித்தான் பார் தேர்வு செய்ய வேண்டும்.

மாட்டியபின் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டேப் பிடியுங்கள். முன் சக்கர வளைவின் உயரம் வெறும் காரில் 80 செ.மீ., டிரெய்லர் மாட்டியதும் 82 என்றால், பாரை இறுக்கி 81-க்காவது கொண்டு வாருங்கள். 80-க்குக் கீழே போகவே கூடாது.

டிரெய்லரின் வால் ஆடினால் பாரை இறுக்குவது

மூக்கு எடை குறைந்தால்தான் பெரும்பாலும் ஆடும். சாமானை முன்னால் நகர்த்துங்கள்.

50 மி.மீ. பந்தில் 2 அங்குலக் கப்ளர்

பந்தைக் கவ்வும் டிரெய்லர் முனைதான் கப்ளர். 2 அங்குலம் என்பது 50.8 மி.மீ. இரண்டும் ஒன்றல்ல.

கார் கையேட்டைத் திறக்காமல் வாங்குவது

சில கார்களில் ஸ்பிரிங் பார் ஹிட்சே கூடாது.

ஜாக்கியை மூக்கு எடைக்கு மட்டும் கணக்குப் போடுவது

இங்கே மட்டும் பெரியது நல்லது. பாரைச் சிரமமில்லாமல் மாட்ட, மூக்கோடு காரின் பின்பக்கத்தையும் ஜாக்கி சேர்த்துத் தூக்க வேண்டும். 111 கிலோ மூக்குக்கு 3,500 பவுண்டு ஜாக்கி வீண் அல்ல. ஆனால் முழுதும் சுருக்கியபின் அதன் கால் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்துவிடுங்கள். நம் லேஅவுட் ஸ்பீட் பிரேக்கர்கள் தாழ்ந்த காலை விடாது.

இந்த மின் ஜாக்கிகள் 30 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் சூடாகும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பல ஜாக்கிகளில் எர்த் இணைப்பு டிரெய்லர் சட்டம் வழியாகத்தான் போகிறது. போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டாவிட்டால் மோட்டார் முனகும், தூக்காது. பேட்டரி இறங்கினால் கையால் சுற்றும் கைப்பிடியை டிரெய்லரிலேயே கட்டி வையுங்கள். அந்த ஓசூர் தம்பி அதை வீட்டில் விட்டு வந்திருந்தார்.