ஆர்கானிக் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

லண்டனுக்கு வந்த புதிதில், ஆறு மாதப் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு சூப்பர்மார்க்கெட்டில் குழந்தை உணவு அடுக்கின் முன் நின்றேன். விலை கூடத்தான், இருந்தாலும் ‘ஆர்கானிக்’ என்று போட்டிருந்ததையே எடுத்தேன். மருந்தடிக்காத தானியம், பிள்ளைக்கு நல்லது என்ற நினைப்பு. இரண்டு மாதம் கழித்து வந்த ஹெல்த் விசிட்டர், அதாவது வீட்டுக்கு வந்து பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும் நர்ஸ், அந்தப் பெட்டியை வாங்கிப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். உள்ளே இருப்பவை இரண்டே இரண்டு: ஓட்ஸ், தயமின். இரும்புச்சத்து என்ற சொல்லே இல்லை.

பெட்டியில் தப்பில்லை. குழந்தைகளுக்கான தானிய உணவில் தயமின், அதாவது வைட்டமின் பி1, இருந்தாக வேண்டும் என்பது பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் சட்டம். இரும்பு சேர்ப்பது கட்டாயமில்லை. ஆர்கானிக் விதியோ, சட்டம் கேட்கிற சத்தைத் தவிர வேறெதையும் சேர்க்க விடாது. அதனால் இங்கே விற்கும் ஆர்கானிக் கூழ்மாவில் பெரும்பாலும் இரும்பு சேர்த்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் அக்கா “நான் ஆர்கானிக்தான் கொடுக்கிறேன், அதில் இரும்பு இருக்கிறதே” என்றால் அதுவும் சரிதான், அங்கே விதி வேறு.

ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, முக்கியமாகக் கடைசி மூன்று மாதத்தில், சேர்த்துவைத்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதம்தான் வரும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. மூளை வேகமாக வளரும் வயதும் இதுதான். ஏழு மாதத்திலிருந்து ஒரு வயது வரை நாளொன்றுக்கு 7.8 மில்லிகிராம் தேவை என்பது பிரிட்டனின் கணக்கு. வளர்ந்த ஆணுக்கே 8.7தான்! குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குச் சேமிப்பு இன்னும் குறைவு, டாக்டர் தனியாகச் சொட்டு மருந்து எழுதித் தருவார்.

“ஊரிலிருந்து கேழ்வரகு மாவு வந்திருக்கிறதே” என்பீர்கள். கொடுங்கள், சுண்ணாம்புச்சத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் நூறு கிராமில் இரும்பு நாலு மில்லிகிராம் சொச்சம்தான், ஒரு கிண்ணக் கூழுக்கு இருபது கிராம் மாவு போனாலே அதிகம். அதிலுள்ள பைட்டேட் என்ற தானியப் பொருள் இரும்பை உடம்பில் சேரவும் விடாது. முளைகட்டி அரைத்தால் கொஞ்சம் மேல்.

அப்புறம் என்ன கொடுப்பது? அசைவம் சாப்பிடும் வீடென்றால் ஆட்டுக்கறியை உப்புக் காரம் இல்லாமல் குழைய வேகவைத்து, மசித்துக் கொடுங்கள்; கறியில் உள்ள இரும்புதான் சுலபமாகச் சேரும். ஈரல் வாரம் ஒரு முறைக்கு மேல் வேண்டாம், வைட்டமின் ஏ மிகுந்துவிடும். சைவ வீட்டில் மசூர் பருப்பைக் கடைந்து, இறக்கும்போது தக்காளி போடுங்கள், இல்லை நாலு சொட்டு எலுமிச்சை பிழியுங்கள். அந்தப் புளிப்போடு வரும் வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுக்கும். கூழ்மாவே வேண்டுமென்றால், பின்பக்கப் பட்டியலில் ‘அயர்ன்’ என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள், ஆர்கானிக்காக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ஒரு வயதுக்குள் பசும்பாலைக் குடிக்கக் கொடுக்க வேண்டாம், சமையலில் கொஞ்சம் சேர்க்கலாம். தேநீர் ஒரு வாய்கூட வேண்டாம், பாட்டி ஆசையாகக் கொடுத்தாலும்.

பிள்ளை வெளிறி, சோர்ந்து, சாப்பிட மறுத்தால் ஜி.பி.யிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், போங்கள். இரும்புச் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அளவு மீறினால் சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. ஆங்கிலம் தடுமாறினால், நேரம் வாங்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். அதற்குக் காசு கிடையாது. போகும்போது பிள்ளையின் உடல்நலக் குறிப்பேடான ரெட் புக்கோடு, வீட்டில் இருக்கும் கூழ்மாப் பெட்டியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.