எச்சூக்காவில் ஓர் இரவு: முதல்முறை போகிறவர்களுக்கு

மெல்போர்னிலிருந்து வடக்கே காரில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மரே ஆற்றங்கரையில் இருக்கும் பழைய படகுத்துறை ஊர் எச்சூக்கா. பலர் காலையில் போய், நீராவிப் படகில் ஒரு சுற்று போய்விட்டு, சாயங்காலமே திரும்பிவிடுகிறார்கள். ஊரைப் பார்த்த கணக்கில் சேரும், ஓய்வுக் கணக்கில் சேராது. ஐந்து மணி நேரம் சாலைக்கே போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? அதனால் ஓர் இரவாவது தங்குங்கள்.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

மார்ச் முதல் மே வரை போனால் சுகம். கோடையில் (இங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு, கொசுவும் அதிகம். பிப்ரவரியில் 'சதர்ன் 80' என்ற நீர்ச்சறுக்குப் பந்தயம் நடக்கும் வார இறுதியில் அந்தப் பக்கமே போக வேண்டாம். அறையும் கிடைக்காது, அமைதியும் கிடைக்காது.

படி 2: பயணமும் அறையும்

கார் இல்லையென்றால் மெல்போர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்தில் வி/லைன் எனும் வெளியூர் ரயில் பிடிக்கலாம். நேரடி வண்டிகள் குறைவு, சிலவற்றுக்கு பென்டிகோவில் மாற வேண்டும். திரும்பும் வண்டியின் நேரத்தையும் கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 2023 மார்ச் கடைசியிலிருந்து மெல்போர்ன் நகரக் கட்டணத்துக்கு இருக்கும் தினசரி உச்சவரம்பே இந்த ரயில்களுக்கும் என்பதால் செலவு குறைவுதான். அறையைப் படகுத்துறைக்குப் பக்கத்திலேயே எடுங்கள். காரை ஓரமாக நிறுத்தினால் மறுநாள் வரை சாவியைத் தொட வேண்டாம்.

படி 3: துறையைக் கீழிருந்து பாருங்கள்

எல்லோரும் மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் படியிறங்கி அடித்தளத்துக்குப் போங்கள். சிவப்பு கம் மரத்தின் (யூகலிப்டஸ் வகை) முழுத் தண்டுகளை ஆற்றுமண்ணில் நட்டு, அவற்றின்மேல் அடுக்கடுக்காகத் தளம் போட்டிருப்பது அங்கேதான் தெரியும். மரே ஆறு ஒரு பருவத்தில் வற்றும், இன்னொரு பருவத்தில் பல மீட்டர் ஏறும். தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றாலும் படகைக் கட்டிச் சரக்கை இறக்குவதற்குத்தான் இத்தனை அடுக்கு.

ஊரைத் தொடங்கிய ஹென்றி ஹாப்வுட், இங்கிலாந்திலிருந்து கைதியாக நாடு கடத்தப்பட்டு வந்தவர். 1850-களில் ஆற்றைக் கடக்கத் தெப்பம் விட்டு, பிறகு விடுதியும் கட்டினார். 1864-இல் மெல்போர்ன் ரயில் பாதை இங்கு வந்து சேர்ந்தது, 1865-இல் துறை கட்டத் தொடங்கினார்கள். மரே, டார்லிங், மரம்பிட்ஜி ஆறுகளின் கரைப் பண்ணைகளிலிருந்து கம்பளி மூட்டைகள் படகில் வந்து, இங்கே ரயில் ஏறின. ஒரு கட்டத்தில் துறையின் நீளம் 332 மீட்டர். ஊரை வாழவைத்த அதே ரயில்தான் பின்னால் வேறு ஆற்றங்கரை ஊர்களுக்கும் போய்ச் சேர்ந்து, படகுகளுக்கு வேலையில்லாமல் செய்தது. 1944-இல் மெல்போர்னில் விறகுத் தட்டுப்பாடு வந்தபோது துறையின் பெரும்பகுதியைப் பிரித்து எரிக்கக் கொண்டுபோய்விட்டார்கள். நீங்கள் பார்ப்பது தப்பிப் பிழைத்த துண்டு.

படி 4: படகு

மரக்கட்டை எரித்து ஓடும் நீராவிப் படகுக்கே டிக்கெட் கேட்டு வாங்குங்கள். பெவன்ஸி (1911), அலெக்ஸாண்டர் ஆர்புத்நாட் (1923) போன்றவை அப்படிப்பட்டவை. 1866-இல் கட்டிய அடிலெய்டும் இந்த ஊரில்தான் இருக்கிறது. எந்தப் படகு எந்த நாளில் ஓடும் என்பது மாறும், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரச் சவாரியே தாராளம்.

ஏறியதும் ஜன்னல் பக்கம் இடம் பிடிக்க ஓடாதீர்கள். நடுவில் இயந்திரத்தின் பக்கத்தில் நில்லுங்கள். கொதிகலன் கதவைத் திறந்து ஓர் ஆள் கட்டையைத் தள்ளுவார், அனல் முகத்தில் அறையும். எண்ணெய் பூசிய இரும்புத் தண்டுகள் முன்னும் பின்னும் போய்வரும், பக்கவாட்டுச் சக்கரம் தண்ணீரை 'தப் தப்' என்று அடிக்கும். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்கள். பெரியவர்களும்தான்.

படி 5: மாலையை ஆற்றுக்குக் கொடுங்கள்

திட்டம் எதுவும் வேண்டாம். கரையோரம் நடங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: காற்றே இல்லாத நேரத்தில்கூட இந்தக் கம் மரங்களிலிருந்து பெரிய கிளை முறிந்து விழும். அவற்றின் கீழே பாய் விரிக்காதீர்கள், கூடாரம் போடாதீர்கள். ஆற்றில் இறங்குவதானாலும் யோசித்து இறங்குங்கள். மேலே பார்த்தால் அசையாத மாதிரி இருக்கும், உள்ளே இழுப்பும் மூழ்கிய மரங்களும் உண்டு.

படி 6: தூண்டில் கொண்டுபோகிறவர்களுக்கு

எச்சூக்கா இருப்பது விக்டோரியா மாநிலம், எதிர்க்கரை நியூ சவுத் வேல்ஸ். ஆனால் மாநில எல்லை ஆற்றின் நடுவில் ஓடவில்லை. விக்டோரியா பக்கத்துக் கரையோடு முடிந்துவிடுகிறது. ஆறு முழுக்க நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். ஆகவே நீங்கள் எச்சூக்கா கரையில் உட்கார்ந்திருந்தாலும் விக்டோரியா உரிமம் செல்லாது, நியூ சவுத் வேல்ஸ் மீன்பிடிக் கட்டணத்தைக் கட்டியிருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது இல்லை. செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை மரே காட் மீனைப் பிடிக்கத் தடை.

படி 7: மறுநாள் காலை

கார் இருந்தால் பார்மா காட்டுக்குப் போய்வாருங்கள். உலகிலேயே மிகப் பெரிய சிவப்பு கம் மரக்காடு அது, யோர்ட்டா யோர்ட்டா மக்களின் பூர்வீக நிலம். ஆற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் துங்காலா. எச்சூக்காவையும் எதிர்க்கரை மோமாவையும் இணைத்து 2022-இல் திறந்த பாலத்துக்கும் அதே பெயர்தான். மழை பெய்திருந்தால் காட்டின் மண்சாலைகள் சேறாகிவிடும், சில மூடியும் கிடக்கும். சாதாரண கார்க்காரர்கள் தார்ச்சாலை முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பது நல்லது.