தீம் பார்க் பயணம்: ரூம் போடும்போது நிறைய பேர் செய்யும் தவறுகள்

வாணவேடிக்கை முடிகிற நேரத்தில்தான் நாம் போட்ட ரூம் சரியா தப்பா என்று தெரியும். காலையிலிருந்து நடந்து வீங்கிய கால், தோளில் தூங்கிப்போன பிள்ளை, கையில் இரண்டு பை, ஒரே வாசலை நோக்கி நகரும் ஆயிரக்கணக்கான பேர். முதல் தடவை நாங்கள் போனபோது, ஹோட்டல் விளம்பரத்தில் 'பார்க்குக்கு இலவச ஷட்டில்' என்று இருந்ததை நம்பி ரூம் போட்டிருந்தோம். அந்த ஷட்டில் காலையில் இரண்டு நடை, ராத்திரி ஒரே ஒரு நடை என்பது அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்த ஒரு நடையும் வாணவேடிக்கைக்கு முன்பே கிளம்பிவிடும். பையன் அத்தனை நாளும் காத்திருந்ததே வாணவேடிக்கைக்காக. சரி என்று பஸ்ஸை விட்டுவிட்டோம். பிறகு டாக்ஸி பிடிக்கும் இடத்தில் முக்கால் மணி நேரம். தூங்குகிற பிள்ளையை நானும் மனைவியும் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தபடி நின்றோம். மறுநாள் காலை எட்டரைக்குப் பார்க் திறக்கும்போது நாங்கள் யாருமே படுக்கையை விட்டு எழவில்லை.

ரூமில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விட்டது. டாக்ஸிக்குக் கொடுத்ததை நான் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையின் முதல் இரண்டு மணி நேரத்தைச் சொல்கிறேன். எந்தப் பெரிய பார்க்கிலும் வரிசை மிகக் குறைவாக இருப்பது திறந்த உடனேதான். பத்தரை மணிக்கு மேல் ஒரு ரைடுக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டிய இடத்தில், காலையில் இருபது நிமிடத்தில் ஏறிவிடலாம். நாளுக்கு இவ்வளவு என்று டிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு, அந்த நாளின் நல்ல பாகத்தைத் தூக்கத்திலும் பஸ் நிறுத்தத்திலும் கழிப்பதுதான் இந்தப் பயணங்களில் நடக்கும் மிகப் பெரிய நஷ்டம். அதனால் ஹோட்டலை ராத்திரி வாடகையை வைத்து மட்டும் ஒப்பிடாதீர்கள். ரூம் கதவிலிருந்து பார்க் வாசலுக்குப் போக எவ்வளவு நேரம், ராத்திரி திரும்ப எவ்வளவு நேரம் என்று பக்கத்திலேயே எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள். மலிவு என்று நினைத்த ரூம் பாதி நேரம் மலிவாக இருக்காது.

ஆனால் ரூமுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. பலர் இந்த வரிசையைத்தான் தலைகீழாக மாற்றிவிடுகிறார்கள். நல்ல விலையில் ஒரு ஹோட்டல் கண்ணில் பட்டதும் புக் பண்ணிவிட்டு, அப்புறம்தான் எந்தப் பார்க், எத்தனை நாள், யார் யார் வருகிறார்கள் என்று யோசிக்கிறார்கள்.

யார் வருகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். கூட வருகிறவர்களில் யாரால் குறைவாக நடக்க முடியுமோ, அவருடைய நடைதான் முழுக் குடும்பத்தின் நடை. பெரிய பார்க்கில் ஒரு நாளில் 10 கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். மூட்டு வலி உள்ள அம்மாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் மதியம் இரண்டு மணிக்கு மேல் தாங்க மாட்டார்கள். அவர்கள் ரூமுக்குப் போய்ப் படுத்துவிட்டு மாலையில் திரும்பி வர முடிகிற இடமா என்று பார்க்க வேண்டும். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் என்றால் யாரும் போக மாட்டார்கள். நிழல் தேடிப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

பிள்ளைகளின் உயரத்தையும் வீட்டிலேயே அளந்துவிடுங்கள், செருப்பு இல்லாமல். அமெரிக்காவின் ஆர்லாண்டோ டிஸ்னியில் ஸ்பேஸ் மவுன்டன் ரைடில் ஏற 112 செ.மீ. உயரம் வேண்டும், டிரான் ரைடுக்கு 122 செ.மீ. அதே ஊரில் இருக்கும் யுனிவர்சல் பார்க்கின் வெலாசிகோஸ்டர் ரைடுக்கு 130 செ.மீ. என் மகள் ஒரு ரைடின் வாசலில் அளவுப் பலகைக்கு அடியில் குதிகாலை மெல்லத் தூக்கிக்கொண்டு நின்றாள். ஊழியர் புன்னகையோடு காலைக் கீழே வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். இரண்டு விரல் குறைவு. அவள் அழவில்லை, ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வரை பேசவும் இல்லை. உயரம் முன்பே தெரிந்திருந்தால் அந்தப் பார்க்குக்கு ஒரு நாளைக் குறைத்து, அவள் ஏறக்கூடிய ரைடுகள் அதிகம் இருக்கும் பார்க்குக்கு அதைக் கொடுத்திருப்போம். தங்கும் இடமும் அதற்கேற்ப மாறியிருக்கும். சிறு குழந்தை இருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்னி, யுனிவர்சல் இரண்டிலும், ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மற்றவர் ரைடில் போய்வந்து, பிறகு இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

'பக்கத்தில்' என்ற சொல்

இனி ஹோட்டல். விளம்பரத்தில் வரும் 'மிக அருகில்' என்ற சொல்லைப் போல ஏமாற்றும் சொல் வேறு இல்லை.

வால்ட் டிஸ்னி வேர்ல்டையே எடுத்துக்கொள்வோம். ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் சுமார் 100 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கிறது. மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு தீம் பார்க்குகள். பெரும்பாலும் பஸ் ஏறித்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டும். அப்படியிருக்க 'டிஸ்னிக்குப் பக்கம்' என்றால் எந்தப் பார்க்குக்குப் பக்கம்? மேஜிக் கிங்டத்தில் இன்னும் ஒரு சிக்கல். காரில் போனால் வாசலில் இறங்க முடியாது. ஏரிக்கு இக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, படகோ மோனோரயிலோ பிடித்து அக்கரைக்குப் போக வேண்டும். வெளி ஹோட்டல்களின் ஷட்டில்களும் பெரும்பாலும் இக்கரையிலேயே இறக்கிவிடும். வரைபடத்தில் பத்து நிமிடம் என்று காட்டும் தூரம் இப்படித்தான் முக்கால் மணி நேரமாகிறது. டிஸ்னியின் சொந்த ஹோட்டல் பஸ்களோ வாசலருகிலேயே போய் நிற்கும். கன்டெம்பரரி ஹோட்டலிலிருந்து நடந்தே போகலாம். எப்காட்டுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் 2019 முதல் ஸ்கைலைனர் என்ற கேபிள் கார் ஓடுகிறது. அந்தப் பாதையில் உள்ள பாப் செஞ்சுரி போன்ற ஹோட்டல்கள் டிஸ்னி ஹோட்டல்களில் வாடகை குறைந்த வகையைச் சேர்ந்தவை, ஆனாலும் இரண்டு பார்க்குகளுக்குச் சுலபமாகப் போய்விடலாம். ஒரே குறை, மின்னல் வெட்டினால் கேபிள் கார் நின்றுவிடும். ஃபுளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை சகஜம்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் எங்கே போனாலும் பார்க்கின் சொந்த ஹோட்டல்தான் கிட்டம்' என்று முடிவு கட்டினால் அது அடுத்த தவறு. கலிஃபோர்னியாவின் அனஹைமில், 1955-இல் திறந்த முதல் டிஸ்னிலேண்டில், நிலைமை நேர்மாறு. அங்கே ஹார்பர் பூல்வார்டு சாலையின் எதிர்ப்பக்கம் இருக்கும் சில வெளி ஹோட்டல்களிலிருந்து பார்க் வாசலுக்கு ஐந்து, பத்து நிமிட நடைதான். டிஸ்னியின் பெயரைத் தாங்கிய டிஸ்னிலேண்ட் ஹோட்டலிலிருந்து நடப்பதைவிட அது குறைவு. ஆர்லாண்டோவில் கற்ற பாடத்தை அனஹைமுக்குக் கொண்டுபோய் வீணாக அதிக வாடகை கொடுத்தவர்கள் உண்டு.

ரயில் வசதி நன்றாக இருக்கும் ஊர்களில் கணக்கு மறுபடி மாறும். பாரிஸ் டிஸ்னிலேண்ட், நகரத்துக்குக் கிழக்கே சுமார் 32 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆனால் ஆர்.இ.ஆர். ஏ ரயிலில் நகர மையத்திலிருந்து சுமார் 40 நிமிடத்தில் பார்க் வாசலிலேயே இறங்கிவிடலாம். பாரிஸையும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஒரே ஒரு நாள் பார்க்குக்காக ஹோட்டலை மாற்றத் தேவையில்லை. டோக்கியோ டிஸ்னிலேண்டுக்கு மைஹாமா நிலையம். டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து கெய்யோ லைனில் கால் மணி நேரம்தான் என்று படிப்போம். அந்த கெய்யோ லைன் பிளாட்பாரம் மற்ற பிளாட்பாரங்களிலிருந்து எவ்வளவு தள்ளி, எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. குழந்தையின் தள்ளுவண்டியோடு பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். ஒருமுறை நடந்து பார்த்தவர்கள் அடுத்த முறை அதைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

பழைய தகவலை நம்பிப் போவதும் உண்டு. ஆர்லாண்டோ யுனிவர்சலின் புதிய பார்க்கான எபிக் யூனிவர்ஸ் 2025 மே 22 அன்று திறந்தது. அது பழைய இரண்டு பார்க்குகளோடு ஒட்டி இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதற்கென்று தனி ஹோட்டல்களும் உண்டு. 'யுனிவர்சல் ஹோட்டல்' என்ற பெயரை மட்டும் பார்த்துப் புக் பண்ணினால், நீங்கள் அதிகம் போகப் போகிற பார்க்குக்கு எதிர்ப்பக்கம் போய்த் தங்க நேரலாம்.

சலுகையைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது

சொந்த ஹோட்டல்களின் வாடகையைப் பார்த்துப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்த வாடகையில் ரூம் மட்டும் இல்லை. டிஸ்னி வேர்ல்டில் சொந்த ஹோட்டலில் தங்குகிறவர்கள் தினமும் மற்றவர்களைவிட 30 நிமிடம் முன்னதாகப் பார்க்குக்குள் போகலாம். வரிசையைக் குறைக்கும் லைட்னிங் லேன் பாஸையும் அவர்கள் 7 நாள் முன்பே எடுக்கலாம், மற்றவர்களுக்கு 3 நாள். டோக்கியோவில் டிஸ்னி ஹோட்டல்காரர்களுக்கு 15 நிமிடம் முன்னதாக அனுமதி. கேட்க அற்பமாகத் தோன்றும். கூட்ட நாளில் முதல் கால் மணி நேரத்தில் ஒரு பெரிய ரைடை முடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆர்லாண்டோ யுனிவர்சலின் ஏற்பாடு. போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக் என்ற மூன்று ஹோட்டல்களில் தங்கினால், ரூமில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் பழைய இரண்டு பார்க்குகளில், வரிசையைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் இலவசம். வரும் நாள், கிளம்பும் நாள் இரண்டுக்கும் செல்லும். அதாவது ஒரே ஒரு ராத்திரி தங்கினால் இரண்டு பகல் கிடைக்கிறது. காலையிலேயே போய்ச் சாமானை லாபியில் கொடுத்துவிட்டுப் பார்க்குக்குக் கிளம்பிவிடலாம், ரூம் மாலையில் கிடைத்தால் போதும். நான்கு பேருக்குத் தனியாக எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கும் செலவையும் இந்த ரூம் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். பல தேதிகளில் ரூம்தான் மலிவாக வரும். ஒன்று, எபிக் யூனிவர்ஸுக்கு இந்த இலவச பாஸ் செல்லாது. இந்தச் சலுகைகள் அவ்வப்போது மாறுகிறவை என்பதால் புக் பண்ணும் அன்றைக்கு அந்தப் பார்க்கின் அதிகாரப்பூர்வ தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. காலையில் ஒன்பதரைக்கு முன்னால் கிளம்பவே முடியாத குடும்பம் என்றால், 30 நிமிடம் முன்னதாக நுழையும் உரிமைக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. சமையலறையோடு கூடிய பெரிய வீடு ஒன்றை வெளியே எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கி எழுந்து போகலாம். ஆறேழு பேர் போகும்போது இதுவே நல்ல வழி. ஹோட்டல் ரூம்களில் பெரும்பாலும் நான்கு பேருக்குத்தான் அனுமதி. இரண்டு ரூம் எடுத்தால் நடுவில் கதவு உள்ள ரூம்களைக் கேட்கலாம், ஆனால் உறுதியாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

நாட்களை நெருக்கிப் போடுவது இன்னொரு வழக்கமான தவறு. நான்கு நாள், நான்கு பார்க் என்று அட்டவணை போட்டால் மூன்றாம் நாள் மதியம் யாராவது ஒருவர் அழுவார், பெரியவராகவும் இருக்கலாம். நடுவில் ஒரு நாள் டிக்கெட் இல்லாமல் விடுங்கள். அந்த நாளில் நீச்சல் குளம் இருக்கும் ஹோட்டல் பத்து ரைடுக்குச் சமம்.

பணத்தை நீட்டும் முன்

அமெரிக்க ஹோட்டல்கள் பலவற்றில் வாடகைக்கு மேலே 'ரிசார்ட் கட்டணம்' என்று ஒன்று தினமும் சேரும். கார் நிறுத்தத்துக்குத் தனி, வரி தனி. தேடும்போது முதலில் கண்ணில் படும் தொகையை விட்டுவிட்டு, பணம் கட்டும் கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை ஒப்பிடுங்கள். தேதி போட்ட டிக்கெட்டை வாங்கும் முன் ரூமைக் கேன்சல் செய்யக்கூடிய கட்டணத்தில் பிடித்து வையுங்கள். டோக்கியோவில் டிக்கெட்டுகள் குறிப்பிட்ட தேதிக்கானவை, கூட்ட நாட்களில் தீர்ந்துபோவதும் உண்டு. டிக்கெட் கிடைக்காமல் பயணத் தேதியைத் தள்ளிப்போட வேண்டிய நிலை வரலாம், அப்போது ரூமைக் கேன்சல் செய்ய முடிய வேண்டும்.

வெளி ஹோட்டல் என்றால் கடைசியாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஷட்டில் எந்தெந்த நேரத்துக்குக் கிளம்புகிறது, பார்க்கிலிருந்து கடைசி நடை எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் இறக்கி எந்த இடத்தில் ஏற்றுகிறது, முன்கூட்டியே இடம் சொல்லிவைக்க வேண்டுமா, மடிக்காத தள்ளுவண்டியை ஏற்றுவார்களா. அந்த நேரங்களைப் பார்க் மூடும் நேரத்தோடும் வாணவேடிக்கை நேரத்தோடும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தொலைபேசியில் கேட்டால் 'எல்லாம் உண்டு சார்' என்பார்கள். பதில் எழுத்தில் வரட்டும், அது வந்த பிறகு பணம் கட்டலாம்.